புரட்டிப் பார்க்காத தரை

காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்க வருகிற அத்தைகளை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. முந்தானையைப் பார்த்து மயங்கியது போலத்தான் இருக்கும். அடுத்த நிமிஷம் புடவையைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார்கள். கரையும் உடலும் சேர்கிற கோர்வையை விரலால் தடவுவார்கள். ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு. அதே குடும்பம் வீட்டில் பாத்ரூம் தரையை மாற்றும்போது என்ன செய்கிறது? ஷோரூமுக்குப் போய், டைல்ஸின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து, கலர் சொல்லிவிட்டு வருகிறது.

காஞ்சிக்குத் தெற்கே செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறல் மாதிரி ஊர்களிலும் இப்போது இந்தக் கதைதான். சிமெண்ட் தரையை உடைத்து டைல்ஸ் போடுகிறார்கள். சில வருஷத்தில் பக்கத்து அறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது, பெயிண்ட் உப்பி உதிர்கிறது, மூலையில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கிறது. உடனே எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "மேஸ்திரி சரியில்லப்பா." இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. மேஸ்திரியிடம் நாம் எந்த வேலையைக் கேட்டோம், எதற்குக் கூலி கொடுத்தோம் என்ற கேள்வியை அது அழகாக மூடிவிடுகிறது.

முதலில் ஒரு மூடநம்பிக்கையை உடைக்கணும். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. ஓடு தடுக்கலாம்; ஆனால் தரை என்பது ஓடுகளும் அவற்றின் இடுக்குகளும் சேர்ந்தது. இடுக்கில் அடைத்த சிமெண்ட் பூச்சு வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். போர் தண்ணீரின் வெள்ளைக் கறை போகணும் என்று ஆசிட் ஊற்றித் தேய்க்கிற வீடுகளில் இன்னும் வேகமாக இறங்கும், ஏனென்றால் ஆசிட் சிமெண்டைத் தின்னும். இறங்குகிற தண்ணீரை நிறுத்தவேண்டியது அடியில் பூசுகிற நீர்த்தடுப்புப் பூச்சு. அது தரையோடு முடிந்துவிடக் கூடாது. சுவரில் அரையடி, ஓர் அடி ஏறணும், நானி ட்ராப்பின் கழுத்து வரை இறங்கணும். பைப் கான்கிரீட்டைத் துளைத்துப் போகிற அந்த ஒரு வட்டம்தான் பெரும்பாலான கசிவுகளின் பிறப்பிடம்.

மாடி பாத்ரூமில் நிலைமை இன்னும் மோசம். தளத்தைத் தாழ்த்திப் போட்டு, பைப் ஓட்டி, மீதிப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம்? உடைத்த பழைய தரையின் இடிபாடுகளைக் கொண்டு. குப்பை அள்ளுகிற வண்டிச் செலவு மிச்சம் என்று வீட்டுக்காரரே சொல்வார். அந்த இடிபாட்டுக்குள் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. தரைக்கு அடியில் நாமே ஒரு தொட்டி கட்டி, அதன் மேல் பளபளவென்று மூடி போட்டிருக்கிறோம்.

அடுத்தது வாட்டம். ஒரு மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ட்ராப்புக்குப் போய்விடும். ஆறடி நீளத்துக்குக் கணக்குப் போட்டால் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம். இந்த ஒரு அங்குலத்தை டைல்ஸ் ஒட்டும்போது கொண்டுவர முடியாது. அடியில் கலவை போடும்போதே நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, நாலு மூலையிலிருந்தும் ட்ராப்பை நோக்கி இழுத்துக் கொண்டுவரணும். மாகறல் கோயிலை ஞானசம்பந்தர் பாடியது ஏழாம் நூற்றாண்டில். சிவன் கோயிலில் அபிஷேகம் செய்த நீர் கருவறையில் தேங்குவதில்லை. ஆவுடையார் வழி ஓடி, வடபுறக் கோமுகி வழியாக வெளியே விழுகிறது. கோமுகியை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் செதுக்கலாம், ஆனால் தண்ணீர் போகும் பாதையாக இருப்பதுதான் அதன் முதல் வேலை. அந்தக் கோமுகியைச் சுற்றி வந்து கும்பிடுகிற நாம், வீட்டில் குளித்து முடித்ததும் வைப்பர் கட்டையை எடுத்துத் தண்ணீரைத் தள்ளுகிறோம். தரை செய்யவேண்டிய வேலையை அந்த வீட்டுப் பெண்கள் ஆயுள் முழுக்கச் செய்கிறார்கள். டைல்ஸ் தேர்வில் அவர்களிடம் கேட்டது கலரை மட்டும்தான்.

இப்போது கூலிக்கு வருவோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு சதுர அடிக் கணக்கில் ரேட் பேசுகிறோம். ஹாலுக்கு அது நியாயம். 300 சதுர அடி, நேர் தரை, வெட்டு குறைவு. பாத்ரூம் ஐந்துக்கு ஏழு, மொத்தமே 35 சதுர அடி. அதற்குள் உடைப்பு, ட்ராப் பொருத்துவது, வாட்டம், பூச்சு, மூலைவெட்டு, க்ளோசெட்டைச் சுற்றி வளைத்து வெட்டுவது என்று மூன்று நாலு நாள் வேலை. கண்ணுக்குத் தெரிகிற 35 சதுர அடிக்கு மட்டும் காசு என்றால், தெரியாத வேலையை எந்த மனுஷன் செய்வான்? பூச்சு காயாமலே அடுத்த நாள் கலவை போடுவார். வாட்டத்தைக் கண் அளவில் முடிப்பார். வரி எண்ணிக் கூலி கொடுத்தால் மென்பொருள்காரன் நீளநீளமாக வரி எழுதுவான், சோதித்துப் பார்க்க மாட்டான். என் தொழிலிலேயே அது தெரிந்த கதை. மேஸ்திரி நம் ஒப்பந்தத்துக்கு நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறார். ஒப்பந்தம்தான் கோணல்.

இந்த இடத்தில்தான் "எதுக்கு சார் உடைக்கணும், டைல்ஸ் மேலயே டைல்ஸ் ஒட்டிடலாம்" என்கிற யோசனை வருகிறது. தளம் முக்கால் அங்குலம் உயரும். கதவின் அடியை அறுக்கணும். வாசப்படி மட்டம் காணாமல் போய், பாத்ரூம் தண்ணீர் படுக்கையறைக்கு வரும். கீழே இருக்கும் ஓதம் அப்படியே இருக்கும். புண்ணுக்கு மருந்து போடாமல் மேலே பட்டுத்துணி சுற்றுகிற வேலை இது.

வழுக்கல் வேறு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து சாகிறார்கள். அதில் அறுபதைக் கடந்தவர்களே அதிகம். எல்லோரும் பாத்ரூமில் விழுந்தவர்கள் இல்லை. ஆனால் ஈரம், சோப்பு, வெறுங்கால், முதுமை எல்லாம் ஒன்றாகக் கூடுகிற இடம் வீட்டில் வேறு எது? கடையில் "ஆன்டி ஸ்கிட் சார், ஆர் டென்" என்பார்கள். ஆர் எண் என்பது, எண்ணெய் தடவிய சரிவில் ஷூ போட்ட ஆளை நடக்கவிட்டுச் சோதிக்கிற ஜெர்மன் முறையின் மதிப்பீடு. ஷூ போட்டு யார் குளிக்கிறார்கள்? வெறுங்காலுக்கு அங்கேயே ஏ, பி, சி என்று தனி வகுப்பு இருக்கிறது. குளிக்கிற இடத்துக்குக் குறைந்தது பி வேண்டும். இடுப்பெலும்பு உடைந்து படுத்த பாட்டி எழுந்து நடக்காமலே போய்ச் சேர்ந்த கதை இல்லாத தெரு உண்டா? அந்த வீட்டிலும் டைல்ஸ் கண்ணாடி போலத்தான் மின்னியிருக்கும்.

"இவ்வளவு செய்ய செலவு யார் தாங்குவது?" என்பார்கள். பூச்சுக்கும் கூடுதல் நாள் கூலிக்கும் ஆகிற செலவு, மறுபடி உடைப்பதற்கு ஆகிறதை விடக் குறைவு. மறுபடி உடைக்கும்போது நல்ல டைல்ஸும் சேர்ந்தே போகும், பைப்பும் அடி வாங்கும், ஒரு வாரம் பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கணும். காசு இல்லாதவர்களுக்குத்தான் முதல் தடவையே சரியாகச் செய்வது கட்டாயம். கை இறுக்கமாக இருந்தால் டைல்ஸின் விலையில் குறையுங்கள். அடி வேலையில் கை வைக்காதீர்கள். வாட்டமும் பூச்சும் சரியாக உள்ள சாதாரண ஒரு அடி டைல்ஸ் தரை, நாலடி நீளப் பளபளப்பு ஓட்டை விட நன்றாக உழைக்கும். சின்ன ஓடு ட்ராப்பை நோக்கி எளிதாக மடங்கும். அதிக இடுக்கு இருப்பதால் காலுக்கும் பிடிப்பு.

ஆகவே பாத்ரூமுக்குச் சதுர அடி ரேட் பேசுவதை நிறுத்துவோம். நாள் கூலி கொடுங்கள், அல்லது உடைப்பு, ட்ராப், பூச்சு, வாட்டம், ஒட்டு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். பூச்சு காய்ந்ததும் ட்ராப் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி, முடிந்தால் 48 மணி நேரம் நிற்கவிட்டு, கீழ்த்தளத்தையும் பக்கத்துச் சுவரையும் போய்த் தொட்டுப் பாருங்கள். வாட்டக் கலவை இறுகியதும் ஒரு குடம் தண்ணீரை மூலையில் ஊற்றுங்கள். அது தானாக ட்ராப்பைத் தேடிப் போகவில்லை என்றால், டைல்ஸ் பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள். அந்த ரெண்டு நாள் காத்திருப்புக்கும் மேஸ்திரிக்குக் கூலி உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் வேலை கெட்டால், மேஸ்திரி சரியில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.