வரைபடத்துக்கு ஒரு வரம்பு

சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் நம் கரையில் வீடு கட்ட எண்ணும் குடும்பத்தார் முதலில் அறிய வேண்டுவது, ஒரு கோடு எவ்வழியே செல்கிறது என்பதாகும். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலம், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கரையோர வலயத்தைச் சேர்ந்தது. அவ்வலயத்தினுள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே அக்கோடு படத்தில் இருந்தாக வேண்டும். அதுவும் உரிய இடத்தில் இருந்தாக வேண்டும்.

இந்நாளில் அத்தகைய படங்கள் கணினியில் வரையப்படுகின்றன. 1982இல் வெளிவந்த ஆட்டோகாட் என்னும் மென்பொருளை மாணவர் பலர் அறிவர். அதில் வரையும் படம், கண்ணாடித் தாள்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போன்றது. சுவர் ஒரு தாளில், எல்லை மற்றொரு தாளில். இத்தாள்களை லேயர் என்பர். அவற்றுள் ‘டெஃப்பாயிண்ட்ஸ்’ என்று ஒன்று உண்டு. அதில் வரைந்த கோடு திரையில் தெளிவாகத் தெரியும். அச்சிட்டால் தாளில் வராது. கரையோரக் கோட்டை ஒருவர் கவனமின்றி அதில் வரைந்துவிட்டால், அச்சுப் பிரதியைக் கையில் வாங்கும் வீட்டுக்காரர் அதனைக் காணவே மாட்டார்.

மற்றொன்றும் சொல்வோம். இலங்கை நில அளவையில் இரண்டு ஆயமுறைகள் வழங்குகின்றன. நீர்கொழும்பை அடுத்த கந்தவலவின் பெயரால் வழங்குவது பழையது. 1999இல் வகுக்கப்பட்டது புதியது. பீதுருதலாகலை மலைப்புள்ளிக்குப் பழைய முறையில் கிழக்கே 200,000, வடக்கே 200,000 மீற்றர் என்று எண் கொடுத்தனர். புதிய முறையில் இரண்டுமே 500,000. பழைய எண்களைப் புதிய முறையில் இட்டால், கற்பிட்டிக் கோட்டை மேற்கே 300, தெற்கே 300 கிலோமீற்றர் விலகி இந்து சமுத்திரத்தின் நடுவே போய் நிற்கும்! கணினியோ மறுப்புச் சொல்லாமல் வரைந்து கொடுக்கும்.

இதற்காகவே காரியாலயங்கள் தமக்கென ஒரு தரத்தை வகுக்கின்றன. லேயர்களின் பெயர், கோட்டின் தடிப்பு, எழுத்தின் அளவு, ஆயமுறை யாவும் ஒரு மாதிரிக்கோப்பில் அடங்கும். அக்கோப்பைப் படவரைஞர் அனைவரும் திறக்கலாம். திருத்தும் உரிமை ஓரிருவருக்கே உண்டு. திறப்பவருக்கு அம்மாதிரியிலிருந்து புதிய படம் ஒன்று கிடைக்குமாதலால், அவர் வேலைக்குத் தடையில்லை; மூலமும் கெடுவதில்லை.

“எங்களை நம்பவில்லையா?” என்று இளம் படவரைஞர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்போரைப் பாருங்கள். கயிற்றில் பலர் கை வைக்கின்றனர். அதனால் இழுப்போர் ஒவ்வொருவரும் வலைக்கண்ணியைத் தம் விருப்பப்படி அறுத்துப் பின்னலாமா? பின்ன விடாமையை அவமதிப்பு என்று யாரும் கொள்வதில்லை. வலை எல்லோருக்கும் பொது என்பதே காரணம்.

எனினும் பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அது காப்பது மூலக்கோப்பை மாத்திரமே. தம் படத்தினுள் ஒருவர் புது லேயர் படைப்பதை அது தடுக்காது. முடிந்த படத்தைத் தரக்கோப்புடன் ஒப்பிட்டு, மாறுபட்ட பெயர்களையும் பண்புகளையும் காட்டும் வசதி ஆட்டோகாட்டிலேயே உண்டு. ஆனால் கரையோரக் கோடு தனக்குரிய லேயரில்தான் இருக்கிறதா என்பதை அவ்வசதியும் அறியாது. அதை அறிய, அக்கோடு எதற்காக என்று தெரிந்த ஒரு மனிதக் கண் வேண்டும்.

ஆகவே மேலாளருக்கு நாம் சொல்வது இது: பூட்டுங்கள், கூடவே காரணத்தையும் கற்பியுங்கள். தரத்தில் குறை கண்டவன் சொன்னால் கேட்டுத் திருத்தவும் ஒரு வழி வையுங்கள். சாவி வைத்திருப்பவர் செவிடராயிருந்தால், கீழே உள்ளவர் குறுக்கு வழி தேடுவர். தரம் ஏட்டளவில் நின்றுவிடும். மாணவர்களுக்கும் ஒரு சொல்: விதியை மனப்பாடம் செய்வதோடு நில்லாது, அது யாரைக் காக்கிறது என்று கேளுங்கள். இக்கரையில் அது காப்பது, சேமித்த பணமெல்லாம் கொட்டி வீடு கட்டும் ஒரு குடும்பத்தை.