பிளக் ஸ்பானர் எங்கே?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் முன்னாள் மாணவன் ஒருவன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தான். யோங் பெங்கில் அன்று மத்தியானத்திலிருந்தே மழை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "டீச்சர், திரும்பவும் மிஸ் அடிக்குது. மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. பத்து மணிக்கு வேலைக்குப் போகணும்" என்றான். ஆயர் ஹீத்தாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு இரவு வேலை. கூட்டரசு முதலாம் சாலையில் பழ லோரிகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டர் போல ஓட்ட வேண்டும்.

திரும்பவும் என்றானே, அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. விசாரித்தேன். இரண்டு மாதத்தில் மூன்று முறை மோட்டார் கடைக்குப் போயிருக்கிறான். முதல் முறை பிளக் மாற்றினார்கள். அடுத்த முறை பொறியை இயக்கும் சிடிஐ பெட்டி. மூன்றாம் முறை கார்புரேட்டரையே புதிதாகப் போட்டுவிட்டார்கள். மொத்தம் 260 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றிருக்கும் நாட்டில் அது நான்கு நாள் கூலி. அடுத்து, பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"கழற்றின பழைய சாமான் எங்கே?" என்றேன். கடையிலேயே விட்டுவிட்டானாம். "பிளக் ஸ்பானர் எங்கே?" சீட்டைத் தூக்கிப் பார்த்தான். கருவிப்பையே இல்லை.

நான் முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவள். 1995இல் தோட்டத்துப் பள்ளிக்கு முதன்முதலாகப் போகச் சொன்னபோது கடன் வாங்கி ஓர் இ.எக்ஸ்.5 எடுத்தேன். செம்மண் பாதை, செம்பனைக் காடு, வழியில் ஆள் நடமாட்டம் இருக்காது. தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்த என் அப்பா, அந்த மோட்டாரை நான் வெளியே எடுப்பதற்கு முன்பு, பிளக்கைக் கழற்றி மாட்டச் சொன்னார். மூன்று தடவை செய்ய வைத்தார். நூலில் உட்காராமல் பிளக்கைக் கோணலாக ஏற்றினால் இஞ்சின் தலையே கெட்டுப்போகும் என்று, முதலில் விரலால் திருகச் சொல்லி, கடைசிச் சுற்றுக்குத்தான் ஸ்பானரைக் கொடுத்தார். ஆலையில் ஏதாவது பழுது என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எப்ப வருது, எப்ப வரலன்னு சொல்லு. அப்புறம் கை வைக்கலாம்."

அதே கேள்வியைப் பையனிடம் கேட்டேன். அவன் யோசித்ததே இல்லை. வராந்தாவில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்துக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. காலையில் வேலை முடிந்து வரும்போது வருவதில்லை. நின்ற இடத்தில் உறுமவிட்டால் நன்றாக உறுமுகிறது. மேடு ஏறும்போது, பின்னால் ஆள் உட்காரும்போது விக்குகிறது. மழை நாளில் கட்டாயம் வருகிறது.

அவன் சொன்னதில் பாதி விடை இருக்கிறது. இஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், உள்ளே நொடிக்கு ஐம்பது முறை எரிபொருள் பற்ற வேண்டும். அந்த ஐம்பதில் நான்கைந்து தவறினாலே நம் இடுப்புக்கு அந்த உதறல் தெரிந்துவிடும். தவறுவதற்குக் காரணம் பொறி வராதது, எண்ணெயும் காற்றும் சரியான அளவில் போகாதது, உள்ளே அமுக்கம் பிடிக்காதது, பொறி நேரம் தவறி வருவது, இவற்றில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். மழைக்கும் மேட்டுக்கும் மட்டும் வரும் கோளாறு என்றால் முதலில் பொறியின் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் மற்றதை ஒதுக்கிவிட்டுத்தான் அங்கே போனோம். என் ஸ்பானரால் பிளக்கைக் கழற்றினோம். நன்றாக எரியும் இஞ்சினில் பிளக் முனை மேரி பிஸ்கட் நிறத்தில் இருக்கும். வெளுத்துப்போயிருந்தால் எண்ணெய் போதவில்லை, இஞ்சின் சூடேறுகிறது என்று பொருள். பிசுபிசுவென்று கறுப்பு இஞ்சின் எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. இவனுடையது ஈரக்கரி. அதைப் பார்த்துத்தான் எண்ணெய் அதிகமாகப் போகிறது என்று முடிவு கட்டி கார்புரேட்டரை மாற்றியிருப்பார்கள். பொறி தவறினாலும் எரியாத எண்ணெய் அப்படியேதான் பிளக்கில் படியும். அதனால் ஒரே கரி இரண்டு வேறு நோய்களுக்கு அடையாளமாகிறது. இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துத் திருகைத் தளர்த்தி, உள்ளே இருந்த எண்ணெயைக் காலி காயா பாட்டிலில் பிடித்தோம். அடியில் உளுத்தம்பருப்பு அளவில் இரண்டு நீர் முத்துகள் உருண்டன. பையன் முகம் மலர்ந்துவிட்டது. "அதான் டீச்சர்!" இருக்கலாம். திருகை இறுக்கி, பிளக்கைத் துடைத்து மாட்டி, தாமானைச் சுற்றி ஒரு சுற்று போய்வரச் சொன்னேன். பாலத்து ஏற்றத்தில் அதே விக்கல். தண்ணீர் இருந்தது உண்மை. கோளாறுக்குக் காரணம் அது இல்லை. ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்திருந்தால் இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. இஞ்சின் ஆறியதும் வால்வு இடைவெளியைப் பார்த்தோம். 0.05 மில்லிமீட்டர் தகடு லேசான பிடிப்போடு உள்ளே போனது. பிளக் இடைவெளியும் 0.6க்கும் 0.7க்கும் நடுவில். எண்ணெய் பாட்டிலை வேலியோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாடை முழுக்கப் போகும் வரை காத்திருந்து, பிளக்கை இஞ்சின் தலையில் பதிய வைத்து மிதித்துப் பார்த்தோம். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. கடையிலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். பொறி நன்றாக இருக்கிறது என்று நம்பியிருப்பார்கள்.

வெளிக்காற்றில் பொறி தாண்டுவது எளிது. இஞ்சினுக்குள் அமுக்கப்பட்ட காற்றைக் கிழித்துத் தாண்டுவது கடினம். மேடு ஏறும்போது முறுக்க முறுக்க அந்த அமுக்கம் கூடுகிறது, பொறிக்கு வேண்டிய மின்னழுத்தமும் கூடுகிறது. பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலான மின்சாரம் அது. வழியில் எங்காவது ஒரு விரிசல், கொஞ்சம் ஈரம் இருந்தால், பிளக் முனைக்குப் போகாமல் அந்தக் குறுக்குவழியில் இறங்கிவிடும்.

ஏழரை மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. பிளக்கை மாட்டி, மோட்டாரை வராந்தாவிலிருந்து திறந்த வாசலுக்குத் தள்ளி, இஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளை அணைத்தோம். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் கைத்தெளிப்பானால் பிளக் கம்பியின் மேலும் மூடியின் மேலும் எட்ட நின்று பூம்பனி போலத் தெளித்தேன். ஒரு நொடிதான். மூடியின் இடுப்பிலிருந்து இஞ்சின் தலைக்கு நூல் போல நீல நெருப்பு தாவியது. ஒன்று, இரண்டு, பிறகு கொத்தாக. டிக்டிக் என்று சத்தம் வேறு. இஞ்சின் அதே தாளத்தில் விக்கியது. பையன் பேசவே இல்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

இஞ்சினை அணைத்து மூடியைத் திருகி எடுத்தோம். பகல் வெளிச்சத்தில் தெரியாத முடி அளவு விரிசல். கம்பியின் நுனியில் செம்பு பச்சை பூத்திருந்தது. 2023 மார்ச் வெள்ளத்தில் பத்து பஹாட் மாவட்டம் நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்ததே, அப்போது இந்த மோட்டார் இவன் மாமா வீட்டில் சீட்டு வரை மூழ்கி நின்றதாம். அதை யாரும் கடையில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டியதும் பளபளவென்று செம்பு தெரிந்தது. என்னிடம் மாற்றாக வைத்திருந்த மூடியைத் திருகினோம். விலை பதினைந்து வெள்ளிக்குள். பையன் ஒன்பதரைக்குக் கிளம்பினான். பாலத்து ஏற்றத்தில் சத்தம் அறாமல் போவதை வாசலில் நின்று கேட்டேன்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. வாசலில் பத்து மோட்டார் நிற்க, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று ஒருவன் அவசரப்படுத்த, இருட்டும் வரை காத்திருந்து தண்ணீர் தெளித்துப் பார்க்க எந்தக் கடையில் நேரம் இருக்கிறது? "மிஸ் அடிக்குது" என்ற ஒரே சொல்லோடு வருகிறவனுக்கு, இருக்கும் சாமானை மாற்றித்தான் பார்க்க முடியும். இதில் இன்னொரு கேடும் உண்டு. அடுத்த வாரம் காயிலை மாற்றியிருந்தால் கோளாறு போயிருக்கும். காயிலோடு புதுக் கம்பியும் மூடியும் சேர்ந்தே வருமே! காயில்தான் கெட்டுப்போயிருந்தது என்று கடைக்காரரும் நம்புவார், பையனும் நம்புவான், அடுத்தவனுக்கும் அதையே சொல்லுவான். தவறான அறிவு இப்படித்தான் ஊரில் பரவுகிறது.

என் வாதம் இதுதான். மழைநாளில்தான் வருகிறது, மேட்டில்தான் வருகிறது, வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சொல்லத் தெரிந்த வாடிக்கையாளனால் கடைக்காரருக்கும் வேலை மிச்சம். அந்த அளவுக்காவது மோட்டாரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

இந்த வகை மோட்டாரே, ஓட்டுகிறவர் கழற்றிப் பார்க்கட்டும் என்றுதான் செய்யப்பட்டது. ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப்பை 1958இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஜப்பானில் அதைப் பார்த்து மலாயாவுக்குக் கொண்டுவந்த பினாங்கின் லோ பூன் சியூ, சிறு வயதில் பேருந்துப் பட்டறையில் எடுபிடியாகத் தொழிலைத் தொடங்கியவர். அந்தக் கப் என்ற பெயரோடு சின்னது என்று பொருள்படும் கான்டனீஸ் சொல் ஒட்டித்தான் இந்த வகை மோட்டாருக்குக் கப்சாய் என்ற பெயர் வந்தது. 2017இல் உலகம் முழுக்க அந்த வரிசையில் பத்துக் கோடியாவது வண்டி வெளிவந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பையில் பிளக் ஸ்பானரை வைத்துக் கொடுத்தார்களே, எதற்காக? வாங்குகிறவர் தன் கையால் பிளக்கைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்துத்தான். இப்போது வரும் எஃப்ஐ என்ற எரிபொருள் தெளிப்பு முறை மோட்டாரில் கார்புரேட்டர் இல்லை, கோளாறு வந்தால் விளக்கு மின்னிச் சொல்கிறது. அதிலும் பிளக் உண்டு, கம்பி உண்டு, மூடி உண்டு. விரிசல் விட்ட மூடி அதையும் விக்க வைக்கும்.

பள்ளியில் ஒரு காலத்தில் கெமாஹிரான் ஹிடுப் என்று வாழ்வியல் திறன் பாடம் இருந்தது. பிள்ளைகள் ஈயம் பற்றவைத்தார்கள், மின்சாரப் பிளக்கில் வயர் மாட்டினார்கள். 2017 முதல் இடைநிலைப் பள்ளியில் அந்த இடத்துக்கு ஆர்பிடி என்ற வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் வந்தது. வடிவமைப்பு, திட்ட அறிக்கை, வரைபடம் எல்லாம் நல்லதுதான். ஆனால் பதினாறு வயதில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு மறுநாளே பெரிய சாலையில் இறங்கும் பையனுக்கு, தன் கால்களுக்கு நடுவே ஓடும் இஞ்சின் ஏன் விக்குகிறது என்று யார் சொல்லித் தருவது?

இது காசு விஷயம் மட்டும் அல்ல. நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் மோட்டாரில் போனவர்கள். லோரியை முந்தும்போது இஞ்சின் அரை நொடி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று, மழையில் இந்த ஊர்ச் சாலையில் ஓட்டிய யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளும் இரவு வேலைக்கு மோட்டாரில்தான் போகிறார்கள். நானும் செம்பனைக் காட்டு நடுவில் நின்றுபோன மோட்டாரோடு தனியாக நின்றிருக்கிறேன். அன்று பிளக்கைக் கழற்றத் தெரிந்திருந்ததால்தான் இருட்டுவதற்குள் வீடு வந்தேன்.

இதைச் சொல்லித்தர ஒரு வகுப்பு வைக்கலாம். கோயில் மண்டபமோ பள்ளிச் சாப்பாட்டுக் கூடமோ, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும். ஒரு பழைய இஞ்சின், நாலு ஸ்பானர், ஒரு தகடு, ஒரு தெளிப்பான். ஊரில் கைதேர்ந்த மோட்டார் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். சங்கங்கள் பேச்சுப் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

1995இல் வாங்கிய என் இ.எக்ஸ்.5 இன்னும் வராந்தாவில் நிற்கிறது, முதல் மிதியிலேயே எடுக்கிறது. வகுப்பு வைக்கிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். கழற்றிப் பழக அதைத் தருகிறேன். கருவிப்பை சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, பிளக் ஸ்பானரோடு.