பொன்னுக்குள் நிற்கும் மரம்

பொது இடங்களில் கட்சிகள் நட்டுவைத்த கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டதே, அந்த விவகாரம் இந்த வாரம் எங்கள் டீக்கடையில் மறுபடி சூடுபிடித்தது. நடைபாதையை மறிக்கும் இரும்புக் குழாய்களுக்காக வாதாட எனக்கு மனமில்லை. பத்தியும் அதைப் பற்றியே எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் அன்றைய நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு கோயிலின் புதுக் கொடிமரப் பிரதிஷ்டைச் செய்தி. கவசத்துக்கு எவ்வளவு செம்பு, முலாமுக்கு எவ்வளவு பொன், உபயம் யார், வந்த பிரமுகர்கள் யார், எல்லாம் இருந்தன. என்ன மரம், எந்தக் காட்டில் நின்றது, யார் செதுக்கினார் என்பதற்கு ஒரு வரி இல்லை. தேர்ச் சக்கரம் பற்றி எழுதிய நாளிலிருந்து இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும், தச்சரின் வேலையை இப்படி விழுங்கிவிடுவதை என்னால் பொறுக்க முடியாது.

கொடிமரத்துக்குத் தேக்கு என்றால் ஏதோ ஒரு தேக்கு ஆகாது. கோணல் இல்லாமல், பெரிய கணு விழாமல், நெடுக ஓடிய மரம் வேண்டும். வெளிப்புற வெளிறைக் கழித்துவிட்டு வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். கறையான் முதலில் புகுவது வெளிறில்தான். அவசரப்பட்டுக் காயவைத்தால் மேற்புறம் சுருங்கி, நடுவை நோக்கி வெடிக்கும். கேரளத்தில் இதற்காகவே மரத்தை மூலிகைத் தைலம் நிரப்பிய தோணியில் மாதக்கணக்கில் கிடத்துகிறார்கள். சடங்காகவும் அது நடக்கிறது, மரத்துக்கு மருந்தாகவும் நடக்கிறது.

அப்புறம் செதுக்கல். முதலில் சதுரம். அதன் ஒரு பக்கத்தை 24 பங்காக்கி, 7, 10, 7 என்று கோடு கிழித்து, மூலைகளைச் சீவினால் எட்டுப் பட்டையும் ஏறக்குறையச் சமமாக வந்து நிற்கும். பாய்மரம் செய்யும் கப்பல் தச்சர்களின் குறிகோலிலும் இதே விகிதம்தான். மரம் மேலே போகப் போக மெலியுமே என்றால், கோலைச் சாய்த்துப் பிடித்தால் போதும், மெலிந்த இடத்திலும் கணக்குத் தப்பாது. எட்டைப் பதினாறாக்கி, பிறகு இழைத்து உருட்டுவார்கள். கோயில் கொடிமரத்தில் அடி சதுரம், அதற்கு மேல் எண்பட்டை, அதற்கும் மேல் வட்டம். பிரம்ம, விஷ்ணு, ருத்ர பாகங்கள் என்று லிங்கத்துக்குச் சொல்லும் அதே வரிசை. ஒரு மரம் உருண்டையாகும் வழியில் கடக்கிற மூன்று நிலைகளும் அந்த மரத்திலேயே தங்கிவிடுகின்றன. இதைக் கண்டுபிடித்த கையை நான் வணங்குகிறேன்.

அத்தனையும் கவசத்துக்குள் மறைந்துவிடுகிறது. மறைந்ததை யாரும் கேட்பதில்லை. சபரிமலையில் பழைய கொடிமரத்தின் தங்கத் தகட்டுக்குள் நின்றது கான்கிரீட் தூண்! பிறகு கோன்னிப் பக்கத்துக் காட்டில் தேக்கு தேடி, தரையில் படாமல் இறக்கி, பம்பையில் எண்ணெயில் ஊறவைத்து, ஆட்கள் தோளிலேயே மலையேற்றி, 2017 ஜூன் 25 அன்று நட்டார்கள். அன்றே சிலர் பீடத்தில் பாதரசம் ஊற்றப் பொன்னின் நிறம் கெட்டது. நாடு முழுக்க அதுவே செய்தி. பாதரசம் தின்பது தங்கத்தை. உள்ளே இருந்த தேக்கைப் பற்றி அப்போதும் பேச்சில்லை.

சென்னைக் கோட்டையில் சுமார் 150 அடி உயரத்துக்கு நின்ற தேக்குக் கொடிமரத்தை 1994இல் இறக்கிவிட்டு எஃகுக் கம்பம் வைத்தார்கள். அது அரசாங்கத்தின் வசதி, போகட்டும். கோயில்கள் அந்த வழிக்குப் போகக் கூடாது. கவசத்தின் இணைப்புகளில் கசியும் மழைநீர் அடிமரத்தில் தேங்கி, வெளியே தெரியாமல் உளுக்கச் செய்யும். திருப்பணியின்போது மட்டும் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் போதாது. அடியிலாவது ஒரு தகடு எளிதில் திறக்கிற மாதிரி அமைத்து, தச்சரை அழைத்து ஆண்டுக்கொரு முறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உபயதாரர் பெயர் பொறிக்கும் கல்லிலேயே மரத்தின் இனம், அது நின்ற காடு, எண்ணெயில் கிடந்த மாதங்கள், செதுக்கிய ஆசாரியின் பெயர் ஆகியவற்றையும் பொறியுங்கள். இடம் போதாவிட்டால் பிரமுகர்களின் பட்டியலைக் குறைக்கலாம்.