தற்கொலைக்கு முயலும் கைதி: நோயாளியா, ஒழுங்கு மீறியவரா?

நியூ டவுன் (கொல்கத்தா): நியூ டவுன், சால்ட் லேக் பகுதிகளை உள்ளடக்கிய பிதான்நகர் காவல் ஆணையரகம், சாரதா நிதி நிறுவன மோசடி வழக்கில் அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் குணால் கோஷை 2013 நவம்பரில் கைது செய்தது. ஓராண்டுக்குப் பின், மோசடியில் தொடர்புடைய மற்றவர்களை மூன்று நாள்களுக்குள் கைது செய்யாவிட்டால் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக அவர் நீதிமன்றத்திலேயே அறிவித்தார். 2014 நவம்பர் 14 அன்று பிரசிடென்சி சிறையில் தற்கொலைக்கு முயன்ற அவர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தார்.

நீதிபதியின் முன்னிலையில், நாள் குறித்துச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. பெரும்பாலான கைதிகளிடமிருந்து இவ்வளவு தெளிவான எச்சரிக்கை வருவதில்லை. வந்தபோதும் சிறையால் அதைத் தடுக்க முடியவில்லை.

அடுத்து நடந்தவை இரண்டு. சிறைக் கண்காணிப்பாளரும் மருத்துவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தற்கொலை முயற்சிக்காகக் குணால் கோஷ் மீதே இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவில் வழக்குப் பதிவானது. 2022-இல் சிறப்பு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது; ஆனால் தண்டனை ஏதும் விதிக்கவில்லை. ஊழியர் மீதும் நடவடிக்கை, கைதி மீதும் நடவடிக்கை. இத்தகைய கைதியை மறுநாள் இரவு எங்கே, யாருடன் தங்க வைப்பது என்ற கேள்விக்கு இரண்டிலுமே விடை இல்லை.

இதற்கிடையே 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவில் 309-ஆவது பிரிவு இல்லை. ஆயினும் அதன் 226-ஆவது பிரிவு கவனத்துக்குரியது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கவோ, நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அது வழிசெய்கிறது. சிறையில் ஒரு கைதி முறையிடுவது எப்போதும் ஓர் அரசு ஊழியரிடம்தான். எனவே, வேதனையில் செய்ததையும் மிரட்டல் என்று பதிவு செய்ய அங்கே இடமிருக்கிறது.

தங்கவைக்கும் முறையில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஆபத்தில் உள்ளவரைத் தனி அறையில் அடைப்பது காவலுக்கு எளிது. ஆனால் தனி அறை என்பது சிறையின் தண்டனையும்கூட. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே இதன் அபாயத்தை ஓரளவு உணர்ந்திருந்தது: அறையில் இருப்பவர் எந்நேரமும் அதிகாரியை அழைக்க வசதி வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் அடைக்கப்பட்டால் மருத்துவ அதிகாரி நாளுக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். மேற்கு வங்கம் 1992-ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் சிறைகளைச் 'சீர்திருத்த இல்லங்கள்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறியதால் பூட்டு மாறிவிடவில்லை.

உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி அமிதவ ராய் குழுவின் கணக்குப்படி, 2017 முதல் 2021 வரை நாட்டின் சிறைகளில் நேர்ந்த 817 இயற்கைக்கு மாறான மரணங்களில் 660 தற்கொலைகள். தற்கொலைக்கு வாய்ப்பளிக்காத வகையில் கட்டப்பட்ட அறைகளை அக்குழு பரிந்துரைத்தது. சுவரைத் திருத்துவது அவசியமே. ஆனால் பேச ஆளில்லாத பாதுகாப்பான அறை, உயிரைக் காத்தாலும் மனத்தைக் காக்காது. 2023-இல் தேசிய மனித உரிமைகள் ஆணையம் வெளியிட்ட அறிவுரை, ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டறிய ஊழியர்களுக்கும் சக கைதிகளுக்கும் பயிற்சி அளிக்கச் சொல்வது இந்த இடத்தில் முக்கியமாகிறது. நள்ளிரவில் அருகில் படுத்திருப்பவர் வார்டர் அல்ல, இன்னொரு கைதியே.

மனநலச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு, மாநிலத்துக்குக் குறைந்தது ஒரு சிறையில் மனநல சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் ஒன்பது மத்திய சிறைகள் உள்ளன. அந்த ஒரு பிரிவு புழலில் அமைந்தால், பாளையங்கோட்டைக் கைதி சிகிச்சைக்காக 600 கிலோமீட்டருக்கு அப்பால் செல்ல நேரும். வாராவாரம் மனு பார்க்க வரும் தாயால் அங்கே போக முடியாது.

(மன உளைச்சலில் இருப்போர் 'டெலி மனஸ்' 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவச ஆலோசனை பெறலாம்.)