டி.வி.யை அணைத்தால் நிம்மதியாம்!

போன முகூர்த்தத்தில் காரைக்குடியில் ஓர் அறுபதாம் கல்யாணம். மேடை ஏறிய தன்னம்பிக்கைப் பேச்சாளர், போர்ச் செய்தி பார்த்துத் தூக்கம் கெட்டவர்களுக்கு மருந்து சொன்னார்: "டி.வி.யை அணைங்க, செல்லைத் தூக்கிப் போடுங்க. நம்ம அப்பத்தா, ஆயாவெல்லாம் பேப்பரா படிச்சாங்க? நிம்மதியா இருக்கலையா?" ஒரே கைதட்டல். பக்கத்து நாற்காலிக்காரரும் தட்டினார். அவருடைய அய்யா பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்!

எந்த அப்பத்தா ஐயா நிம்மதியாக இருந்தார்? 1941 டிசம்பர் 23-ல் பர்மாத் தலைநகர் ரங்கூன் மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் போயிற்று, மார்ச்சில் ரங்கூனும் போயிற்று. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டு ஆண்கள் அங்கே, அவர்கள் வீட்டு ஆச்சிமார் இங்கே வளவு வீட்டில். கடுதாசி நின்றது. அரக்கான் மலையிலும் மணிப்பூர்க் காட்டிலும் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். விழுந்தது யார், வருவது யார் என்று செட்டிநாட்டில் ஒருவருக்கும் தெரியாது. மலாயாவில் மாட்டிக்கொண்ட பலருடைய சேதி தெரிய 1945 ஆயிற்று. பேச்சாளர் கணக்குப்படி அப்போது உலகத்திலேயே நிம்மதியான ஊர் காரைக்குடிதான். செய்திதான் வரவே இல்லையே!

புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே தினமும் குங்குமம் இட்டுக்கொண்டவளிடம் போய் இந்த உபதேசத்தைச் செய்திருக்க வேண்டும். தபால்காரர் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி நின்றவளுக்கு இவர் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்திருப்பார் போலும். அதற்கும் கட்டணம் உண்டு.

இந்தக் காலத்துக்கு வருவோம். 2025 ஜூன் 23 இரவு கத்தாரில் ஈரான் ஏவுகணை விழுந்தது. வான்வழியை மூடினார்கள். எங்கள் தெரு ஆச்சியின் மகன் அங்கே தோகாவில் வேலை பார்க்கிறான். "நல்லா இருக்கேன் ஆத்தா, படுத்துத் தூங்குங்க" என்று அவன் அனுப்பிய குரல் பதிவை அந்த அம்மாள் காதில் வைத்து வைத்துக் கேட்டார். பிறகுதான் கொல்லைக் கதவைச் சாத்தப் போனார். செல்லைத் தூக்கிப் போட்டிருந்தால் அவருக்கும் 1942தான்.

இந்த 'அந்தக் காலத்து நிம்மதி' வியாபாரம் மேடையோடு நிற்பதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் கானாடுகாத்தான் செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மா தேக்குத் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, "எவ்வளவு அமைதியான வாழ்க்கை!" என்று உருகுகிறார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930களின் கடைசியில் கால்பங்கு நிலம் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் கையில் இருந்தது. அது மொத்தமும் போன பயம் இந்த வளவுகளில்தான் ராத்தங்கியது.

ஆமாம், டி.வி. பார்த்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அதற்குப் பார்க்கிறவன் என்ன செய்வான்? 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, நிகழ்ச்சிகளில் அபாயச் சங்கை ஒலிக்கவிடாதீர்கள் என்று மத்திய அரசே சேனல்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ஒலியை வைத்துப் பயம் காட்டி விளம்பரம் விற்றவனை விட்டுவிட்டு, பயந்துபோன ஆச்சிக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்கிறார்கள். அந்தப் பேச்சாளரை ஒருநாள் சேனல்காரர்கள் முன்னால் மேடையேற்றிப் பேசச் சொல்லுங்கள். தட்டுகிறார்களா பார்ப்போம்.