தாய்லாந்தில் தங்க எந்த வீஸா? கேள்வியைத் திருத்திக் கேட்போம்

"தாய்லாந்துக்குத் திரும்பிப் போய் நீண்டகாலம் தங்க எந்த வீஸா நல்லது?" இரத்தினக்கல் வியாபாரத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இன்று இந்தக் கேள்வி வராமல் போவதில்லை. ஒருவர் ஐந்து வருட வீஸா என்பார். மற்றவர் பத்து வருட வீஸா என்பார். மூன்றாமவர், "அதெல்லாம் எதற்கு, அறுபது நாளைக்கொரு தடவை வெளியே போய் வந்தால் சரி" என்பார். மூவரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாததால்தான் பலரும் பணத்தையும், சிலர் திரும்பிப் போகும் பாதையையுமே இழந்து நிற்கிறார்கள்.

தாய்லாந்தோடு நமக்குள்ள தொடர்பு நேற்று வந்ததல்ல. 'கெவுட' என்று நாம் ஒதுக்கிப் போட்ட பால்நிறக் கற்களை எழுபதுகளில் மலிவு விலைக்கு வாங்கிச் சென்று, சூடுகாட்டி நீலக்கல்லாக மாற்றி உலகச் சந்தையில் விற்றவர்கள் தாய்லாந்து வியாபாரிகள். அதைக் கண்ட பின்னரே நம்மவர்கள் பேங்கொக்கின் சீலம் வீதிக்கும் சந்தபுரிக்கும் கல்லோடு நேரடியாகப் போகத் தொடங்கினர். போனவர்களில் சிலர் அங்கேயே காரியாலயம் வைத்தார்கள், சிலர் குடும்பமாகிவிட்டார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லைகள் மூடப்பட்டபோதுதான் இவர்களில் பலருக்குத் தம் வீஸாவின் பெறுமதி தெரிய வந்தது. தாய்லாந்தில் தங்கும் அனுமதி பெற்ற ஒருவர், வெளியேறும் முன் மீள்நுழைவு அனுமதி எடுக்காவிட்டால் அந்தத் தங்கும் அனுமதி அன்றோடு ரத்து. ஒரு தடவைக்கான அனுமதிக்கு 1,000 பாத், பல தடவைக்கானதற்கு 3,800 பாத்தான் கட்டணம். அதை எடுத்திருந்தாலும், வெளியே இருக்கும்போது தங்கும் அனுமதியின் திகதி முடிந்துவிட்டால் அதுவும் காலாவதியாகிவிடும். உலகம் முழுவதிலும் எத்தனையோ வெளிநாட்டவர் இப்படி வெளியே சிக்கிக்கொண்டு, நுழைவுச் சான்றிதழ், பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் என்று அலைந்து, புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. பல வருடங்கள் அங்கே வாழ்ந்தவர் என்பதற்காக எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. நீண்டகாலம் தங்குவது வேறு, உரிமையோடு தங்குவது வேறு என்பதே அந்தக் காலம் தந்த பாடம்.

கொரோனாவுக்குப் பின் தாய்லாந்து அரசு பல புதிய கதவுகளைத் திறந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு விலைச்சீட்டு தொங்குகிறது. கணக்குப் பார்க்க வசதியாக ஒரு பாத்துக்கு ஒன்பது ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, ஓய்வுக்கால வீஸா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 800,000 பாத், அதாவது நமது காசில் 72 இலட்சம் ரூபா, அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். வருடாந்த நீடிப்புக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அந்தப் பணம் கணக்கில் கிடக்க வேண்டும். நீடிப்புக் கிடைத்த பின்னரும் மூன்று மாதம் தொடக்கூடாது. அதன் பிறகும் மீதி 400,000 பாத்துக்குக் குறையக்கூடாது. அதாவது வியாபாரி ஒருவரின் முதலில் ஒரு பகுதி வருடம் முழுவதும் உறங்கிக் கிடக்கும். வெளிநாட்டிலுள்ள தூதரகம் மூலம் எடுக்கும் ஒரு வருட ஓய்வு வீஸாவுக்கு 2019 ஒக்டோபரிலிருந்து மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். இந்த வகையிலேயே பத்து வருட வீஸா ஒன்றும் இருக்கிறது. அது ஜப்பான், அவுஸ்திரேலியா, பிரித்தானியா போன்ற 14 நாட்டவருக்கு மட்டுமே. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 'பத்து வருட ஓய்வு வீஸா எடுத்துத் தருகிறேன்' என்று தரகர் யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 2022 செப்டெம்பரில் தொடங்கிய நீண்டகால வதிவிட வீஸா. இதுவும் பத்து வருடம். முதலீட்டுச் சபை ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 50,000 பாத். ஐம்பது வயதைத் தாண்டிய ஓய்வாளர் என்றால் உழைக்காமல் வரும் வருமானம், அதாவது ஓய்வூதியம், வாடகை, பங்கிலாபம் போன்றவை, வருடத்துக்கு 80,000 அமெரிக்க டொலர் இருக்க வேண்டும். அது 40,000 டொலராவது இருந்தால் 250,000 டொலரைத் தாய்லாந்தில் முதலிட்டு ஈடுசெய்யலாம். நமது ஊரில் இந்தக் கணக்கைக் காகிதத்தில் காட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? பணம் இருப்பவர்கள் இருக்கலாம். வருமான வரிக் கோவையில் அந்தத் தொகையைக் காட்டியிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, அங்கத்துவ வீஸா. 2003 இல் 'எலீட்' என்ற பெயரில் வந்து, 2023 இல் 'தாய்லாந்து பிரிவிலேஜ்' என்று பெயர் மாறியது. பெயர் மாறியபோது விலையும் ஏறியது. ஐந்து வருடத்துக்கான தங்க அங்கத்துவம் 900,000 பாத் என்று அறிவிக்கப்பட்டது. நமது காசில் 81 இலட்சம். ஓய்வு வீஸாவில் வைப்புச் செய்யும் பணம் உங்களுடையதாகவே இருக்கும். இங்கே கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

நான்காவது, 2024 ஜூலையில் வந்த டி.டி.வி. எனப்படும் ஐந்து வருட வீஸா. இருபது வயது நிரம்பியவர்கள், 500,000 பாத் சேமிப்புக் காட்டி, 10,000 பாத் கட்டணத்தில் எடுக்கலாம். ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். பார்க்கும்போது இதுவே மலிவு. ஆனால் இது இணையம் வழியாக வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்பவர்களுக்கும், தாய்க் குத்துச்சண்டை, சமையல் போன்றவற்றைப் பயில வருபவர்களுக்கும் உரியது. சந்தபுரிச் சந்தையில் மேசை போட்டுக் கல் விற்பவருக்கு உரியதல்ல.

இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று தெரியும். தாய்லாந்து அரசு நமக்கு விற்பது நாட்களை, தொழிலை அல்ல. வெளியே சம்பாதித்த பணத்தை உள்ளே கொண்டுவந்து செலவழிக்கும் ஆள்தான் அவர்களுக்குத் தேவை. உள்ளே வந்து சம்பாதிக்க நினைக்கும் ஆளுக்கு வழி வேறு. பத்து வருட வீஸாவில் தொழில்சார் நிபுணர்களுக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. அவை பெரிய கம்பனிகளின் ஆட்களுக்குப் பொருந்துமேயன்றி, கைப்பையில் கல் கொண்டுபோகும் வியாபாரிக்குப் பொருந்தா.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'எந்த வீஸாவில் அதிக நாள் கிடைக்கும்' என்பதல்ல. 'நான் அங்கே போய் என்ன செய்யப் போகிறேன்' என்பதுதான்.

வியாபாரம் செய்யப் போகிறேன் என்பதே பதிலானால், வழி ஒன்றுதான். வர்த்தக வீஸா, அதனோடு வேலை அனுமதிப்பத்திரம். அதற்கு ஒரு கம்பனி வேண்டும். பொது விதியின்படி ஒரு வெளிநாட்டவருக்கு 2 மில்லியன் பாத் மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் இருக்க வேண்டும். 1999 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் வியாபாரச் சட்டத்தின் கீழ், கட்டுப்படுத்தப்பட்ட தொழில்களில் வெளிநாட்டவரின் பங்கு பாதியை எட்டக்கூடாது. இங்கேதான் நம்மவர்கள் சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். தாய்லாந்துக்காரர் ஒருவரின் பெயரில் பங்கை எழுதிவிட்டு, பணத்தைத் தாங்களே போடுகிறார்கள். இந்தப் பினாமி ஏற்பாட்டுக்கு அதே சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறையும், 100,000 முதல் 1 மில்லியன் பாத் வரை அபராதமும் உண்டு. பெயர் கொடுத்தவருக்கும் அதே தண்டனைதான். சண்டை வந்தால் நீதிமன்றம் போய் 'அது என் பங்கு' என்று சொல்லவும் முடியாது. சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. வைரம், இரத்தினக்கல் வெட்டுதலும் பட்டை தீட்டுதலும் தாய்லாந்தில் வெளிநாட்டவருக்குத் தடைசெய்யப்பட்ட தொழில். கடை முன் நின்று விற்பதும் அப்படியே. 2020 இல் திருத்தி வெளியிட்ட பட்டியலிலும் இவை இடம்பெற்றுள்ளன. கைத்தொழில் தெரிந்த பையன்களை 'போய் இருந்து வெட்டு, வீஸாவைப் பிறகு பார்ப்போம்' என்று அனுப்பும் முதலாளிமார் இதை யோசிக்க வேண்டும். பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதமும் நாடுகடத்தலும். அபராதத்தை முதலாளி கட்டலாம். கடவுச்சீட்டில் விழும் முத்திரையை யார் சுமப்பது?

இனி மூன்றாமவர் சொன்ன 'போய் வரும்' வழிக்கு வருவோம். 2024 ஜூலையில் இலங்கை உட்பட 93 நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் 60 நாள் வீஸா இல்லாத நுழைவு கொடுக்கப்பட்டது. சுற்றுலாவுக்கும் குறுகியகால வர்த்தகத் தொடர்புகளுக்கும் கொடுத்த அந்தச் சலுகையை வதிவிட அனுமதியாக நினைத்தவர்கள் அதிகம். 2025 நவம்பரில், காரணமின்றி மீண்டும் மீண்டும் வெளியே போய் உள்ளே வருபவர்களைத் திருப்பி அனுப்பப்போவதாகக் குடிவரவுப் பணியகம் அறிவித்தது. அமைச்சரவைத் தீர்மானத்தில் வந்த சலுகை அமைச்சரவைத் தீர்மானத்திலேயே போகும். டிக்கட் எடுக்குமுன் கொழும்பிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்வதே புத்தி. 2025 மே முதல் வருகைப் பத்திரமும் இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குக் காசு கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

திகதி கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாத், கூடியது 20,000 பாத் என்பதை எல்லோரும் அறிவர். 'கட்டினால் போச்சு' என்பது நம்மவர் கணக்கு. 2016 மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கணக்கு சரிவராது. தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் தாமாக விமான நிலையம் வந்தாலும் ஒரு வருடத் தடை. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் மூன்று வருடம். தாமாக வராமல் பொலிஸில் பிடிபட்டால் ஒரு வருடத்துக்குக் குறைந்த காலத்துக்கே ஐந்து வருடத் தடை. அதற்கு மேலானால் பத்து. சந்தையை நம்பி வாழும் வியாபாரிக்கு ஐந்து வருடத் தடை என்பது கடையை இழுத்து மூடுவதற்குச் சமம்.

வரியையும் மறக்கக்கூடாது. ஒரு வருடத்தில் 180 நாள் தங்குபவர் அங்கே வரி செலுத்தும் வதிவாளராகிறார். 2024 ஜனவரி முதல் உழைக்கும் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் சேரும். ஐந்து வருட வீஸா கையில் இருக்கிறது என்று நாள் எண்ணாமல் இருப்பவர் இதை எண்ண வேண்டும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடத்தில் நாலைந்து தடவை போய் வரும் நடுத்தர வியாபாரிக்கு நீண்டகால வீஸா தேவையே இல்லை. பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் நடக்கும் பேங்கொக் கண்காட்சிகளைச் சுற்றிப் பயணத்தை ஒழுங்குசெய்து, முறையான வர்த்தக வீஸாவில் போய், வேலை முடிந்ததும் ஊர் திரும்புவதே இலாபம். அங்கே நிலையாக இருந்து வியாபாரம் செய்ய வேண்டியவர், இரண்டு மூன்று பேர் சேர்ந்தாவது ஒழுங்கான கம்பனி ஒன்றை, சட்டத்தரணியின் ஆலோசனையோடு நிறுவட்டும். பிள்ளைகள் தொழிலைப் பொறுப்பேற்று, ஓய்வாக இருக்கப் போகும் பெரியவருக்கு ஓய்வு வீஸா பொருந்தும். ஆனால் அந்த வீஸாவில் இருந்துகொண்டு ஒரு கல்லைக்கூட விற்கக்கூடாது.

நமது வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 பெப்ரவரி 3 ஆம் திகதி கொழும்பில் இலங்கைக்கும் தாய்லாந்துக்கும் இடையே சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கைச்சாத்தானது. பண்டத்துக்குத் தீர்வை குறையும் என்பதோடு நாம் நின்றுவிட்டோம். பண்டத்தைக் கொண்டுபோகும் மனிதனுக்கு என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை. பதிவுசெய்த இரத்தினக்கல் வியாபாரிகளுக்கு ஒரு வருடப் பல்நுழைவு வர்த்தக வீஸாவை எளிதாக்கும்படி நமது அரசு ஊடாகக் கேட்பது அடாத கோரிக்கையல்ல. தாய்லாந்துப் பட்டறைகளுக்கு நமது கல் வேண்டும். நமக்கு அவர்களது சந்தை வேண்டும். கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்தில்தான் கேட்கவும் முடியும். தனித்தனியாகத் தரகர் வாசலில் நின்று கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைச் செலவழித்து, ஒன்றாக நின்று அமைச்சின் வாசலில் கேட்டால் என்ன?