பாட்டு எந்த வாசல் வழியாக வரும்?

செகண்ட்ஹாண்ட் கார் வாங்கப் போகிறவர் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார். டயரை உதைத்துப் பார்ப்பார். ஆர்.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஸ்டீரியோவை மட்டும் கண்டுகொள்ளவே மாட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் கிளம்பும்போதுதான் விஷயம் புரியும். செல்போனில் ஆயிரம் பாட்டு இருக்கிறது. டாஷ்போர்டில் இருப்பதோ ப்ளூடூத் என்ற பெயரையே கேட்டிராத ஒரு பெரியவர்!

கடையில் கேட்டால் ஒரே வைத்தியம்தான். "தூக்கிக் கடாசுங்க சார், டச் ஸ்கிரீன் போட்டுடலாம்!" ஆயிரக்கணக்கில் பில் வரும். ஸ்டியரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன் அதற்கப்புறம் வேலை செய்யுமா என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார். ஒயரை வெட்டி டேப் சுற்றிவிட்டால், நாளைக்கு எலெக்ட்ரிகல் கோளாறு வரும்போது வாரண்ட்டி பேச்சை எடுக்கவே முடியாது.

அவசரம் வேண்டாம். பெரியவர் வீட்டில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

'ஆக்ஸ்' என்று எழுதிய 3.5 மி.மீ. ஓட்டை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 1979-ல் வந்த வாக்மேனில் ஹெட்போன் குத்தினார்களே, அதே சைஸ். 2016-ல் ஐபோன் 7 அந்த ஓட்டையை எடுத்துவிட்டது. பிறகு மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பரவாயில்லை. ஆக்ஸில் செருகுகிற குட்டி ப்ளூடூத் ரிசீவர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போனில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துக்கொண்டு, ஏற்றி இறக்குவதை ஸ்டீரியோவில் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் பாட்டோடு 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

சில கார்களில் பாட்டுக்குப் பின்னால் 'ங்ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம் வரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறும். எந்த மியூசிக் டைரக்டரும் போடாத டிராக் அது. போன் ஒரு பக்கம் கார் சாக்கெட்டில் சார்ஜ் ஆகிறது, இன்னொரு பக்கம் ஆக்ஸில் பாடுகிறது. எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்தால் ஆல்டர்னேட்டர் சத்தம் நடுவில் புகுந்துவிடும். சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் ரிச்சி தெருவில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் பாட்டை மட்டும் விட்டு, ஒயரின் நேரடித் தொடர்பை அறுத்துவிடும்.

யூ.எஸ்.பி. மட்டும்தான் இருக்கிறதா? ஆண்ட்ராய்டு போனைச் செருகினால் பல பழைய செட்டுகளில் சார்ஜ் ஏறும், பாட்டு வராது. போன் பேசும் பாஷை செட்டுக்குத் தெரியாது. பென் டிரைவ் பாஷைதான் தெரியும். 32 ஜி.பி. டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்து, எம்.பி.3 பாட்டுகளை ஏற்றுங்கள். பெரும்பாலும் பாடிவிடும்.

கேசட் வாய் இருந்தால் கேலி செய்யாதீர்கள். 1963-ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய அந்த டப்பா வடிவில், டேப்பே இல்லாத ஒரு அடாப்டர் உண்டு. அதிலுள்ள காந்தத் தலை, செட்டின் தலையோடு ஒட்டி நின்று பாட்டை ரகசியமாகச் சொல்லிவிடும்.

எதுவுமே இல்லையென்றால் கடைசியாக எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். 87.5-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலி இடம் தேட வேண்டும். சென்னையில் 93.5-ல் சூரியன், 98.3-ல் மிர்ச்சி, 106.4-ல் ஹலோ என்று ஆளாளுக்குத் துண்டு போட்டிருக்கிறார்கள். இங்கே தேடிப் பிடித்த காலி இடத்தில் பாண்டிச்சேரி போனால் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. எண்பதில் போகிற கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். அடுத்த பாட்டைத் தேட மூன்றே விநாடி போனைக் குனிந்து பார்த்தால், 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு. ஈ.சி.ஆரில் அதற்குள் ஒரு பைக், இரண்டு மாடு, ஒரு யூ-டர்ன் வந்துவிடும்.

அதனால் பாட்டு வரிசையை வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடுவில் பாட்டு மாற்றும் அதிகாரத்தை முன் சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் அது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது!